தவளையை வைத்துக்கொள்வதா, விடுவதா

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே சுகம். அவருக்கு வழக்கமான ஜலதோஷம், எனக்கு வழக்கமான அவர். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மனைவி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு உன்னோடு ஷோரூமில் உட்கார்ந்த பிறகும் நாம் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறோமே, அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லையே?

எங்கள் கார் கம்பெனி நஷ்டத்தில் ஓடுவது ஊரறிந்த சேதி. இப்போது தலைமைக்கு ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆபீசில் அவருக்குப் பெயரே புதியவர்தான். வந்த வாரமே எங்கள் திட்டப் பிரிவுக்குள் நுழைந்து, நாற்காலியில் கூட உட்காராமல், "நம்மகிட்ட நாலு பிராண்டு இருக்கு. நாலும் எதுக்கு?" என்று கேட்டார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அலசி எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஷோரூமை இடித்துப் பெரிதாக்கப் போவதாகச் சொன்னாயே, அதைக் கொஞ்சம் தள்ளிப் போடு. ஏன் என்று கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நலம் நாடும்,
அக்கா

ஜனவரி 25

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால்தான் வலிக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கதை பேசப் போகும்போது வலிப்பதில்லை. டீச்சருக்குப் பட்டப்பெயரில் வருத்தமில்லை, என் கணக்கு வழக்கைப் பார்த்தால்தான் வருத்தம்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதினால் வாயை மூடிக்கொள்ள நான் என்ன மாமாவா? கேட்டே விடுகிறேன். என் தவளையைத்தானே விடப் போகிறார்கள்?

கம்பெனி அந்த வண்டிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறது. துருத்திய இரண்டு விளக்கையும் அகன்ற முகத்தையும் பார்த்துவிட்டு ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. பத்து வருஷம் நன்றாகத்தான் விற்றது. உங்கள் தலைமை அலுவலகம் சும்மா இருந்ததா? தவளையை உயர்ந்த ரசனை உள்ளவர்களுக்கான வண்டியாக மாற்றுகிறோம் என்று மூக்கில் பளபளவென்று ஒரு பட்டையை ஒட்டி விலையை ஏற்றினார்கள். பழைய ஆட்கள் விலையைக் கேட்டு ஓடினார்கள். உயர்ந்த ரசனை உள்ளவர்கள் தவளையைப் பார்த்து ஓடினார்கள். "மூஞ்சிக்குப் பவுடர் போட்டா ஆளு மாறிடுமா சார்?" என்று எங்கள் மெக்கானிக் அன்றைக்கே கேட்டார்.

விளையாட்டாக எழுதினாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. மற்ற டீலர்கள் இரண்டு மூன்று பிராண்டு வைத்திருக்கிறார்கள். நான் இதை மட்டும் நம்பி இறங்கினேன், டீச்சரையும் இறக்கினேன். தவளை போனால் ஷோரூம் போகும். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 20

என் அருமைத் தம்பிக்கு,

நலம், உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று முறை எழுத உட்கார்ந்து மூன்று முறையும் எழுந்துவிட்டேன்.

உன் கேள்விக்கு நேரான பதில் என்னால் தர முடியாது. எங்கள் நோய் என்ன என்று மட்டும் சொல்கிறேன், இது எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான். மேலே முதலாளிமார் ஏறும் பெரிய வண்டி. கீழே உன் தவளை. நடுவில் நாங்கள் இரட்டையர் என்று கூப்பிடும் இரண்டு பிராண்டுகள். அந்த இரண்டுக்கும் ஒரே எஞ்சின், ஒரே கதவு, கிட்டத்தட்ட ஒரே விலை. உள்ளே ஏறி உட்கார்ந்தால் எதில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை, இத்தனை வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன். அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் ஒரே கடையைப் போட்டு ஒருவன் வாடிக்கையை இன்னொருவன் பிடுங்கினால் குடும்பம் எப்படித் தேறும்? ஆனால் இரட்டையருக்குப் பரிந்து பேச ஆபீசில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தவளைக்கு யாரும் இல்லை.

ஜூன் வரைக்கும் எங்கே என்ன விற்கிறது என்று பார்த்துத்தான் முடிவு. ஒரு ஊரிலாவது தவளை ஏறுமுகமாக இருந்தால் பேசுவதற்கு எனக்கு ஒரு பிடி கிடைக்கும். இதை நான் எழுதியிருக்கக் கூடாது. படித்ததும் கிழித்துப் போடு.

டீச்சரிடம் தைரியமாக இருக்கச் சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் சௌக்கியம். உனக்கு ஒரு நல்ல செய்தி. மார்ச்சில் தவளை பிய்த்துக்கொண்டு போனது! பதிவான வண்டிகள் போன வருஷம் இதே மாதத்தைவிட இரண்டு மடங்கு. ஏப்ரலும் அப்படித்தான் போகும் போலிருக்கிறது. உங்கள் ஆபீசுக்கே இந்நேரம் தகவல் வந்திருக்கும், பார்.

ஷோரூமுக்கு வெள்ளை அடித்தேன். வாசல் கண்ணாடியில் இருந்த விரிசலுக்கு டீச்சர் ஒரு விளம்பரத்தை ஒட்டி மறைத்துவிட்டாள். அம்மா நன்றாக இருக்கிறாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 26

என் கெட்டிக்காரத் தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று உன் கடிதமே சொல்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

நேற்று கூட்டத்தில் உன் ஊர் விற்பனையைத் திரையில் போட்டுக் காட்டினேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை, நீ என் தம்பி என்றும் சொல்லவில்லை. புதியவர் முதல் தடவையாகக் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். தவளையை விட வேண்டாம், இரட்டையரில் ஒன்றை விடுவோம், தவளையை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோவோம் என்று அடித்துப் பேசினேன். எனக்கு நேர் எதிராக எப்போதும் உட்காரும் கண்ணாடிக்காரர், தவளையை உடனே மூடு என்று முதல் நாளிலிருந்து சொல்லி வருபவர், அவரே மறுபேச்சுப் பேசவில்லை.

புதியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யார் வாங்குறாங்க?" அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உன் கடைக்கு வருகிறவர்கள் யார், என்ன வேலை பார்க்கிறார்கள், ஏன் தவளையைக் கேட்கிறார்கள், எல்லாம் விவரமாக எழுது. சீக்கிரம் எழுது, ராஜா.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா

மே 20

என் கண்ணு மகளுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். உடம்பு எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? உன் கடிதம் வந்து எத்தனை நாள் ஆகிறது, உன் தம்பி பதில் எழுதினானா என்று கேட்டால் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்கிறான். முகமே சரியில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து எங்கேயோ பார்க்கிறான். அதனால் நானே பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ நம்பமாட்டாய், நான் கார் ஓட்டுகிறேன்! சிரிக்காதே. இவன் என் பேரில் ஒரு தவளையைப் பதிவு செய்து வைத்திருக்கிறான், பாவம், அம்மாவுக்கு என்று. டீச்சர் பேரில் ஒன்று, மெக்கானிக் பேரில் ஒன்று, மெக்கானிக்கின் மாமியார் பேரில் கூட ஒன்று. எல்லாம் ஷோரூமுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் துணி போர்த்தி வரிசையாக நிற்கிறது. வண்டி சும்மாதானே நிற்கிறது, கற்றுக்கொடேன் என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு என்ன பொறுமை! நான் இரண்டு தடவை சுவரில் இடித்தேன். "பரவாயில்ல அத்தை, சுவர் நகராது, நாமதான் நகரணும்" என்றாள். இப்போது தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தினம் மத்தியானம் வந்துவிடுகிறார்கள். ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான்.

நீ தம்பிக்கு ஒரு வரி தைரியம் எழுது. உன் பேச்சைத்தான் அவன் கேட்பான்.

அம்மா

மே 27

தம்பிக்கு,

அம்மா கடிதம் வந்தது. அம்மா பேரில், டீச்சர் பேரில், மெக்கானிக் பேரில், அவர் மாமியார் பேரில். இன்னும் யார் யார் பேரில் என்று நீயே எழுது.

நீ விற்றதாகச் சொன்ன வண்டிகளை நான் பத்துப் பேர் முன்னால் நின்று காட்டினேன். நான் கைகாட்டியதை நம்பி நாளைக்கு இன்னொரு பிராண்டை மூடுவார்கள். அதை விற்கிறவனுக்கும் உன்னைப் போல ஒரு குடும்பம் இருக்காதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் மேல் பாதி, இந்த யோசனையை எழுதி உன் கையில் கொடுத்த என் மேல் பாதி.

திங்கட்கிழமை புதியவரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு தவளையைக் காப்பாற்ற என்னிடம் ஒன்றும் இருக்காது. உன் ஷோரூமையும்.

அக்கா

ஜூன் 10

அக்கா,

நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. நீ எழுதியது எல்லாம் சரி. மன்னித்துவிடு என்று கேட்கிறேன், மன்னிக்க முடியாவிட்டாலும் கேட்கிறேன்.

என் பேரிலும் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான், இனி ஒளிக்க எதுவும் இல்லை. மற்ற டீலர்களும் மாதக் கடைசியில் இப்படி ஒன்றிரண்டு வண்டியைத் தங்கள் பேரில் பதிவு செய்து கணக்குக் காட்டுவதுண்டு. உனக்கு ஒரு பிடி கிடைக்கட்டும் என்று நான் கையில் இருந்ததையெல்லாம் போட்டு அளவில்லாமல் செய்தேன். நீ சந்தோஷமாக எழுதிய கடிதத்தைப் படித்த அன்றைக்குத்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பதில் எழுதக் கை வரவில்லை. டீச்சர் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொன்று, இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அம்மாவோடு ஓட்டிப் பழகிய தையற்கார அம்மா நேற்று உள்ளே வந்து வண்டி வேண்டும் என்றார். முன்னால் நிற்கும் புதிய தவளையைக் காட்டினேன். "அது வேணாம் தம்பி. பின்னாடி நான் பழகின வண்டி இருக்குல்ல, பம்பர் நசுங்கினது, அதைக் குடுங்க. அதுல உக்காந்தா எனக்குப் பயமே வரலை" என்றார். அவர் மூன்றாவது ஆள். மற்ற இருவரும் அவரவர் பழகிய வண்டியைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னால் இப்போது இரண்டு வண்டிதான் மிச்சம்.

புதியவர் கேட்டால் என் பெயரையும் கடையின் பெயரையும் சொல். நீ மறைக்காதே.

தம்பி

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான், கவலைப்படாதே. மாமா இப்போது காலையில் எனக்குக் காப்பி போட்டுத் தருகிறார், அந்த அளவுக்கு என் மேல் இரக்கம்.

புதியவர் வெளியூர் போயிருந்ததால் போன வாரம்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரோட கடை?" என்றார்.

"என் தம்பி கடை சார்" என்றேன்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்துக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டார். நியாயம்தான். எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன், கூப்பிட்டு நிறுத்தி, "நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே. யார் வாங்குறாங்க?" என்றார். தையற்கார அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் உன் ஊருக்கு வருகிறார். தவளையை மூட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வருவார். எதையும் ஜோடிக்காதே. வெள்ளை கூட அடிக்காதே. டீச்சரிடம் சண்டை தீர்ந்ததா?

உன் மேல் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 18

என் அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். டீச்சர் பேச ஆரம்பித்துவிட்டாள். அதில் பாதி திட்டு, ஆனாலும் பேச்சுதானே.

கண்ணாடிக்காரர் வந்தார். ஷோரூமை ஒரு சுற்றுச் சுற்றினார், என்னிடம் நாலு கேள்வி கேட்டார், நான் செய்ததை நான் செய்ததாகவே சொன்னேன். கிளம்பிவிடுவார் என்று நினைத்தால், பின்னால் கேட்ட சத்தத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே அம்மா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும், "தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க, பின்னாடி சுவர் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று வேலை கொடுத்துவிட்டாள். மனுஷன் ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, "வாங்க, வாங்க, போதும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள். வண்டியைத் தொடவே கணவர் விடாததால் கற்றுக்கொள்ளாதவர்கள், பெரிய பயிற்சிப் பள்ளியில் திட்டு வாங்கி விட்டுவிட்டவர்கள், இனிமேல் எங்கே என்று இருந்தவர்கள். ஒரு நர்ஸ் சொன்னதை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "மத்த காரைப் பாத்தா அதுக்குத் தகுதியா நான் ஓட்டணுமேன்னு இருக்கும் சார். இதைப் பாத்தா அப்படி ஒண்ணும் தோணலை."

ஒரு நாளுக்கு வந்தவர் மூன்று நாள் இருந்தார். கடைசி நாள் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவர் போன பிறகு டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் ஓட்டத் தெரியாதாம். எவ்வளவு நாளில் கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேட்டாராம்! ஆபீசில் சொல்லிவிடாதே, பாவம்.

அதனால் தவளை பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது.

தம்பி

அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு, டீச்சருக்கு, அம்மாவுக்கு,

மூன்று பேரும் சேர்ந்து படியுங்கள், அதற்காகத்தான் மூன்று பேருக்கும் எழுதுகிறேன்.

முடிவாகிவிட்டது. தவளை இருக்கிறது. மூக்கில் இருக்கும் பட்டையைக் கழற்றுகிறார்கள், விலையைப் பழைய இடத்துக்கு இறக்குகிறார்கள். உயர்ந்த ரசனை எல்லாம் கிடையாது. முதல் முதலாக ஓட்டுகிறவர்களுக்கான வண்டி, எந்த வயதில் முதல் முதலாக ஓட்டினாலும் சரி. வெறும் ஷோரூம்களில் விற்கப் போவதில்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்க இடமும் ஆளும் இருக்கிற டீலருக்குத்தான் தவளை. இதை எழுதியது கண்ணாடிக்காரர்.

இனி எழுதுவதைத் தம்பி பொறுமையாகப் படிக்க வேண்டும். பொய்யாகப் பதிவு செய்ததற்காக உன் பேரில் உள்ள உரிமம் டிசம்பரோடு முடிகிறது. அதில் நான் வாய் திறக்கவில்லை, திறந்திருக்கவும் முடியாது. ஆனால் கற்றுக்கொடுக்கும் டீலர்களுக்கான முதல் உரிமத்தை டீச்சர் பேருக்குத் தருகிறார்கள். அவள் கேட்டால் உண்டு. இடம் அதேதான், முதலாளிதான் வேறு.

இரட்டையரில் இளையதை மூடுகிறார்கள். அதை மட்டும் விற்கும் கடைகள் எல்லாம் போகும். அந்தக் கடைக்காரர்களுக்குச் செய்தியைத் தபாலில் அனுப்புவதாக இருந்தார்கள். புதியவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க நேர்ல போய்ச் சொல்லுங்க. ஒரு டீலர் வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். தண்டனையா மரியாதையா என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு ஊராகப் போக வேண்டும். நான் பேசிப் பேசித்தானே அதை மூட வைத்தேன், நானே போவதுதான் முறை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

நவம்பர் 22

என் அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ எந்த ஊரில் இருக்கிறாயோ, மாமாவுக்கு அனுப்பினால் உனக்கு வந்து சேரும் என்று இதை அங்கே அனுப்புகிறேன்.

உரிமம் போன செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. அவமானமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாம் நாள் டீச்சர் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, "என்கிட்ட வேலைக்குச் சேர விருப்பமா? பழைய வேலைல என்ன தப்பு பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சேர்த்துக்கொண்டாள்.

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். இரட்டையரில் இளையதை விற்றுக்கொண்டிருந்தவர், உயரமான ஆள், சிரிப்பே வராத முகம். இப்படி ஒரு இடம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தேன் என்றார். கடையை மூடும் செய்தியைச் சொல்ல ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார்களாம். "வந்து உக்காந்தாங்க. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எழுந்து போயிருக்கலாம், போகலை. நான் ஓயற வரைக்கும் இருந்தாங்க. அப்புறம் என் வீட்டுக்காரியோட பேசினாங்க. என் பொண்ணு என்ன படிக்கிறான்னு கேட்டாங்க. போகும்போது அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. திட்டினதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு தோணுது, யாருன்னே தெரியலை."

"எங்க அக்கா" என்றேன்.

பக்கத்து ஊர் வரைக்கும் வந்தவள் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கு இல்லை. அந்த வீட்டிலிருந்து கிளம்பி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சிரிக்க உன்னால் முடிந்திருக்காது.

இனி நீ போக வேண்டிய கடைகள் எத்தனை இருக்கிறதோ தெரியாது. போகும் வழியில் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த உயரமானவரைப் பின்னால் அழைத்துப் போய் டீச்சர் இடத்தைக் காட்டினாள். அவர் ஊரிலும் கடைக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறதாம். அங்கேயும் கற்றுக்கொடுக்க ஆரம்பிக்கிறார். உரிமம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார், டீச்சர் சிபாரிசு செய்திருக்கிறாள். நேற்று அவர் மனைவிதான் முதல் ஆளாக இங்கே வந்து பழகினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சை விடு, விடு என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்த உயரமானவர் சிரித்ததை நான் பார்த்தேன், அக்கா. அடுத்த கடையின் படி ஏறுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்.

உன் தம்பி